ஆம்பூர் தோல் மண்டி வீடு: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி: ஆம்பூரில் எங்கள் பாட்டனார் 1920-களில் கட்டிய மாடி வீடு. முன்னால் வீடு, பின்னால் தோல் கிடங்கு. அத்தா (அப்பா), பெரியத்தா, சாச்சா (சித்தப்பா) மூவருமே காலமாகிவிட்டார்கள். இப்போது பங்குதாரர்கள் 11 பேர். பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது நானும் அம்மாவும்தான். மாடி ஒழுகுகிறது, கீழ்ச்சுவர் பொரிந்து கொட்டுகிறது. மாடியில் சிமென்ட் தளம் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மேஸ்திரி. சாச்சா மகன் தன் பங்கை ஒரு பில்டருக்கு விற்கப்போவதாகச் சொல்கிறார். பழைய வீட்டுச் சாமான் வாங்கும் காரைக்குடி வியாபாரி ஒருவர் தூண், கதவு, உத்திரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாக விலை பேசுகிறார். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் கம்பெனி ஒன்று மாடியை வாடகைக்குக் கேட்கிறது. விற்பதா, இடிப்பதா, வைத்துக்கொள்வதா?
– ஆம்பூர் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் ஒரு வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது இரண்டு சொத்து. முன்னால் இருக்கும் முகப்பும் முற்றமும் மாடியும் ஒன்று. பின்னால் இருக்கும் கிடங்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே விலையில், ஒரே முடிவில் கட்டிப்போடுவதால்தான் 11 பேரும் ஒத்துவர முடியாமல் நிற்கிறீர்கள். கிடங்கை விடுங்கள், வீட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. அதற்கு முன் இரண்டு காரியம் உண்டு: மழைநீரை நிறுத்துவது, பத்திரத்தைச் சரிசெய்வது. இந்த இரண்டும் முடியும்வரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

கிடங்கை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், உங்கள் சுவர் பொரிவதற்குக் காரணமே அதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் படுகை ஊர்களில் தோல் வியாபாரிகள் கட்டிய வீடுகள் பெரும்பாலும் இதே அமைப்புதான்: தெருப்பக்கம் குடும்பம், பின்சந்துப் பக்கம் சரக்கு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இங்கிருந்து சென்னை பெரியமேட்டுக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் போன காலம் அது. முதல் உலகப் போரில் ராணுவ பூட்ஸுக்குத் தேவை பெருகி, 1916-க்குப் பிறகு அரசாங்கமே இந்தத் தோலை வாங்கிக் குவித்தது. அந்தப் பணத்தில் எழுந்த வீடுகள் பல. 1973-ல் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் மண்டி வியாபாரம் சுருங்கி, ஊருக்கு வெளியே ஷூ தொழிற்சாலைகள் வளர்ந்தன. கிடங்கு காலியானது. உப்பு மட்டும் தங்கிவிட்டது.

பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்குவார்கள். பல பத்தாண்டுகள் அந்த உப்புநீர் தரையில் வடிந்து, மண்ணில் இறங்கி, அஸ்திவாரம் வழியாகச் சுவரில் ஏறியிருக்கிறது. சுவருக்குள் தண்ணீர் உப்பைச் சுமந்துவரும். மேற்பரப்பில் தண்ணீர் காய்ந்ததும் உப்பு படிகமாகும். படிகம் வளரும்போது பூச்சையும் செங்கல்லின் முகத்தையும் தள்ளி உடைக்கும். சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். அதனால்தான் மழையே இல்லாத ஐப்பசிக் காலையில்கூட உங்கள் கீழ்ச்சுவர் வியர்த்து நிற்கும், மதியம் வெள்ளையாகப் பூக்கும். குழாய் கசிகிறது என்று நினைத்துத் தரையை உடைப்பார்கள். கசிவு இருக்காது.

இதற்கு ஊரில் செய்யும் வைத்தியம், பொரிந்த இடத்தைச் சுரண்டி சிமென்ட் பூசுவது. இரண்டு வருடம் அழகாக இருக்கும். சிமென்ட் பூச்சு வழியாக ஈரம் வெளியேற முடியாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறி, 3 அடியில் இருந்த கறை 6 அடிக்குப் போகும். முன்பு யாராவது சிமென்ட் பூசியிருந்தால் கறைக்கு மேலே 2 அடி வரை அதைக் கொத்தி எடுக்க வேண்டும். வெள்ளையாகப் பூத்ததைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள் போகும். காய்ந்த தூரிகையால் தட்டி, கீழே தாளில் பிடித்து, வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள், முற்றத்தில் கொட்டாதீர்கள். பிறகு வெள்ளைக் களிமண், ஊறவைத்து அரைத்த பழைய செய்தித்தாள் கூழ், கொஞ்சம் மணல் மூன்றையும் நல்ல தண்ணீரில் குழைத்து ஒரு அங்குல கனத்துக்குச் சுவரில் அப்புங்கள். அது காயும்போது சுவரிலிருந்து உப்பைத் தன் பக்கம் இழுக்கும். இரண்டு மூன்று வாரத்தில் முழுக்கக் காய்ந்து தானே விலகி வரும். பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி அப்புங்கள். மூன்று சுற்று செய்தால் உப்பு கணிசமாகக் குறையும், முழுதாகப் போய்விடாது. அதன்மேல் ஒன்றுக்கு மூன்று சுண்ணாம்பு–மணல் பூச்சு, மேலே வெறும் சுண்ணாம்பு வெள்ளை. பட்டி, எமல்ஷன், டைல்ஸ் எதுவும் கிட்டே வரக்கூடாது. இந்தச் சுண்ணாம்புப் பூச்சு சில வருடத்தில் கொட்டும். கொட்டுவதற்காகவே போடுவது அது. செங்கல்லுக்குப் பதில் அது போகட்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் கலவை போட்டால், மேலே சொன்ன வேலையெல்லாம் வீண். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 500-க்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணீரைக் கலவைக்கும் பூச்சை நனைக்கவும் தொடாதீர்கள். கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்துவைத்துச் செய்யலாம். கொத்தனார் முகம் சுளிப்பார், கேட்காதீர்கள்.

இப்போது மாடி. உங்கள் மேஸ்திரி சொல்லும் சிமென்ட் தளம் வேண்டவே வேண்டாம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி இடைவெளியில் தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் கோணல்வாக்கில் குத்துக்கல்லாக அடுக்கிய மெல்லிய செங்கல் தெரியும். அந்தச் செங்கல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குல கனம். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த சுருக்கி, அதற்கும் மேலே இரண்டு வரிசை தட்டோடு. மெட்ராஸ் டெரஸ் என்பது இதுதான். இதன்மேல் 2 அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போட்டால் 100 சதுர அடிக்குச் சுமார் 1,100 கிலோ கூடுகிறது. 20-க்கு 15 அடி கூடத்துக்கு 3 டன்னுக்கு மேல். நூறு வருடக் கட்டைகளின் தலையில் அதை ஏற்றுவானேன்? அதோடு போகாது. ஆம்பூர் வெயிலில் சிமென்ட் ஒரு விதமாக விரியும், கீழே இருக்கும் சுண்ணாம்பு ஒரு விதமாக விரியும். தளத்தில் முடிக்கீறல் விழும். மழைநீர் கீறல் வழியே இறங்கும், மேலே ஏறி ஆவியாக வழியில்லாமல் கட்டையின் சுவர்முனையில் போய்த் தேங்கும். ஒழுகல் நின்றுவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது உள்ளே கட்டை உளுத்துக்கொண்டிருக்கும். ஈரத் தளத்தின்மேல் தூரிகையால் அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சும் இதே கதைதான். கொப்புளம் போட்டு உரியும்.

ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் சுருக்கிக்குள் பல அடி நகர்ந்து, எங்கே செங்கல் இணைப்பு தளர்ந்திருக்கிறதோ அங்கே இறங்கும். முதலில் பார்க்க வேண்டியது நான்கு இடம்: மழைநீர் வெளியேறும் தூம்பு வாய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, கைப்பிடிச் சுவரின் தலை, மாடிப்படி அறைச் சுவர் தளத்தில் உட்காரும் இடம். இவற்றில் இல்லாவிட்டால்தான் நடுத்தளத்தைச் சந்தேகப்பட வேண்டும். சோதிக்க மாடியில் தண்ணீர் கட்டி நிறுத்தாதீர்கள். 2 அங்குலத் தண்ணீர் என்றாலே சதுர மீட்டருக்கு 50 கிலோ. ஹோஸ் பைப்பால் தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியாக 20 நிமிடம் நனையுங்கள். அம்மா கீழே நின்று பார்க்கட்டும். சொட்டு விழுந்த நேரத்தையும் நனைத்த இடத்தையும் எழுதிவையுங்கள்.

அரசங்கன்று முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்கக் கூடாது. வேரோடு செங்கல்லும் வரும். தண்டை 2 அங்குலம் விட்டு வெட்டி, வெட்டுவாயில் துளைபோட்டு, பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளை வைத்து களைக்கொல்லி விடச் சொல்லுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் பட்டுப்போனபின் எடுத்து, ஓட்டையைச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள்.

இந்த மழைக்காலம் தாண்டும்வரை தார்ப்பாய்தான் கதி. அதைத் தளத்தின்மேல் படுக்கவிடாதீர்கள், அடியில் ஈரம் வேகும். மூங்கில் கட்டி ஒரு அடி உயரத்தில் சரிவாக இழுத்துக் கட்டுங்கள். உங்கள் பக்கம் ஆடியிலேயே மழை தொடங்கி கார்த்திகைவரை விட்டுவிட்டுப் பெய்யும் என்பதால், சுருக்கி வேலையைத் தையில் தொடங்கி அக்னி நட்சத்திரத்துக்கு முன் முடிப்பது நல்லது. கத்தரி வெயிலில் சுண்ணாம்பு பக்குவப்படும் முன்பே காய்ந்து வெடிக்கும்.

சுருக்கிக்குப் பொதுப்பணித்துறையின் பழைய கணக்கு, 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு. 100 சதுர அடிக்கு 3 அங்குல கனம் வேண்டுமானால், அடித்து இறுகும் அளவையும் சேர்த்து 28 கன அடி ஜல்லி, 11 கன அடி சுண்ணாம்பு ஆகும். ஜல்லி நன்றாக வெந்த செங்கல்லை உடைத்ததாக, முக்கால் அங்குல அளவில் இருக்க வேண்டும். வேகாத செங்கல் நீர் குடித்துக் கரையும். முதல் நாளே ஊறவைக்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லை நீங்களே வாங்கித் தொட்டியில் தண்ணீர் விட்டுத் தாளிக்க வையுங்கள். மூட்டையில் வரும் தூள் எத்தனை நாள் காற்றில் கிடந்ததோ தெரியாது. தூம்பை நோக்கி 4 அடிக்கு 1 அங்குல சரிவு கொடுங்கள். மரத் தட்டுக்கட்டைகளோடு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து ஐந்து முதல் ஏழு நாள் அடிக்க வேண்டும். வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே அடிப்பார்கள். 100 லிட்டருக்கு 3 கிலோ வெல்லம் போதும். தோலைப் பதனிட உங்கள் பாட்டனார் வாங்கிய அதே கடுக்காய்தான், அவர் மாடியையும் இறுக்கியது. தட்டுக்கட்டை பதியாமல் துள்ளி எழும்பினால் அடித்தது போதும். ஓரங்களில் கைப்பிடிச் சுவரோடு சேரும் இடத்தைக் கை அகலத்துக்கு வளைவாக ஏற்றிவிடச் சொல்லுங்கள். பிறகு பத்து நாள் ஈரச் சாக்கு. கடைசியில் தட்டோடு.

மேஸ்திரிகள் இப்போது இரண்டே நாளில் அடித்து முடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். ஒப்பந்தத்தில் நாள் எண்ணிக்கையை எழுதுங்கள். சதுர அடிக் கூலி பேசினால் அவசரம் வரும். அடிக்கும் வேலைக்கு மட்டும் நாள் கூலி பேசுங்கள்.

மாடியைத் திறந்திருக்கும்போதே கட்டைகளையும் பார்த்துவிடலாம். சாக்பீஸால் ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். நடுப்பகுதி பெரும்பாலும் கல் மாதிரி இருக்கும். கெடுவது சுவருக்குள் புதைந்த முனைதான். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் முனையருகில் அழுத்துங்கள். சுலபமாக அரை அங்குலம் இறங்கினால் அந்த முனை போய்விட்டது. சுத்தியால் தட்டினால் நல்ல தேக்கு கணீரென்று சொல்லும், உளுத்தது மொத்தென்று சொல்லும். முனை மட்டும் கெட்டிருந்தால் கட்டையை மாற்ற வேண்டியதில்லை. கீழே ஜாக்கி முட்டுக்கொடுத்து, கெட்ட பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டி, பழைய தேக்கில் பாதிக்குப் பாதி இணைப்புப் போட்டு, இருபக்கமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போடலாம். தகட்டின் கனமும் போல்ட் எண்ணிக்கையும் கட்டுமான இன்ஜினியர் கணக்கிட வேண்டியவை. ஆசாரியின் கண்ணளவுக்கு விடாதீர்கள். முனையைத் திரும்பச் சுவரில் வைக்கும்போது சுற்றிலும் ஒரு அங்குலம் காற்றுவெளி விட வேண்டும், கீழே ஒரு கருங்கல் பலகை. இடைவெளியில் சிமென்ட் திணிப்பதுதான் எங்கும் நடக்கும் தவறு. அதே முனை திரும்ப உளுக்கும்.

கரையான் புற்று தெரிந்தால், உள்பக்கம் சுவரும் தரையும் சேரும் வரியில் ஒரு அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு மருந்து விடுவார்கள். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்தென்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. முற்றத்துக் கிணறு இன்னும் புழக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கச் சுவரை விட்டுவிடச் சொல்லுங்கள்.

மாடியில் சின்டெக்ஸ் தொட்டி இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால், 1,000 லிட்டர் என்றால் ஒரு டன். இரண்டு சுவர் சந்திக்கும் இடத்துக்கு மேல்தான் அது நிற்கலாம். கூடத்தின் நடுவில் நின்றால் இன்றைக்கே காலி செய்யுங்கள்.

வாடகை கேட்கும் ஷூ அப்பர் கம்பெனிக்கு மாடியைக் கொடுக்காதீர்கள். வீட்டு மாடிக்கு இந்தியத் தரநிர்ணயம் எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ. இலகுவான இயந்திரம் ஓடும் வேலையிடத்துக்கு 500 கிலோ. தையல் மெஷின் அதிர்வு, அடுக்கிய தோல் ரோல், ரப்பர் சொல்யூஷன் டப்பாக்கள், தலைக்குமேல் தேக்கு, துணிசுற்றிய பழைய ஒயர். எங்கே பொறி பட்டாலும் யாராலும் அணைக்க முடியாது. கல்யாண மண்டபம் ஆக்கலாம் என்று இன்னொருவர் வருவார். ஆட்கள் கூடி நிற்கும் கூடத்துக்கும் அதே 500 கிலோதான். தங்கும் அறைகளுக்கு 200 கிலோ போதும், அதாவது இந்த மாடி எதற்காகக் கட்டப்பட்டதோ அதே அளவு. ஷூ கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பையர்களும் டெக்னீஷியன்களும் தங்க ஊருக்குள் நல்ல இடம் குறைவு. ஐந்தாறு அறை விருந்தினர் விடுதி இந்த வீட்டுக்குப் பொருந்தும். கீழே முகப்பு அறைகளை அதே கம்பெனிக்கு சாம்பிள் அறையாகவோ அலுவலகமாகவோ கொடுக்கலாம். விடுதி என்றால் சொத்துவரியும் மின்கட்டணமும் வணிக விகிதத்துக்கு மாறும், உரிமம் வேண்டும், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைப் பதிய வேண்டும். ஒயரிங் முழுக்க மாற்றாமல் ஒருவரையும் தங்கவைக்காதீர்கள். ஒரே மரப்படிதான் என்றால் பின்பக்கம் ஒரு இரும்புப் படியும் தேவைப்படும்.

காரைக்குடி வியாபாரிக்கு வருகிறேன். மொத்தமாக விலை பேசுவதே அவருக்கு லாபம். மரத்தைக் கன அடியில் கணக்கிடுங்கள்: 4 அங்குலத்துக்கு 6 அங்குலம், 12 அடி நீளக் கட்டை சரியாக 2 கன அடி. அப்படி 60 கட்டை என்றால் 120 கன அடி. ரங்கூனை ஜப்பான் பிடித்த 1942-க்குப் பிறகு பர்மா தேக்கு வரத்து நின்றது. உங்கள் வீடு அதற்கு முன்னது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தூண், கதவு, நிலை, வண்ணக் கண்ணாடி, இரும்பு உத்திரம் ஒவ்வொன்றையும் அளந்து, படமெடுத்து, 11 பேருக்கும் அனுப்புங்கள். இரும்பு உத்திரத்தின் பக்கவாட்டில் துரு தட்டினால் எழுத்து தெரியும். டார்மன் லாங் என்றிருந்தால் இங்கிலாந்துச் சரக்கு. டாடா என்றிருந்தால் வீட்டின் அந்தப் பகுதி 1912-க்குப் பிறகு எழுந்தது. நூறு வயதைத் தாண்டிய கலைவேலைப்பாடுள்ள கதவும் தூணும் 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். வியாபாரி உரிமம் வைத்திருக்க வேண்டும், தனியார் யாரும் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. இடிக்கும் ஒப்பந்தம் எடுப்பவர்கள் முதல் வாரத்தில் கதவையும் தேக்கையும் இறக்கிக்கொண்டு, இடிபாட்டை உங்கள் தலையில் விட்டுப்போவது வழக்கமாக நடக்கிறது. கிடங்கின் கட்டைகளை மட்டும் விற்கலாம். வீட்டின் ஒரு தூணைக்கூட விற்காதீர்கள், அது நிற்பது அழகுக்காக மட்டும் இல்லை.

சாச்சா மகன் பிரிபடாத பங்கை விற்கலாம், அதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் உள்ளே வந்து கூட்டாக அனுபவிக்க முடியாது. சொத்துரிமை மாற்றச் சட்டம் 44-ம் பிரிவு அப்படி. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டம் 4-ம் பிரிவின்படி, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை குடும்பத்தாருக்கு உண்டு. இதற்கு அது குடியிருப்பு வீடாகத் தொடர வேண்டும். நீங்களும் அம்மாவும் அங்கே இருப்பதுதான் இப்போதைக்கு அந்த வீட்டின் பெரிய பாதுகாப்பு. வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூர் போய்விடாதீர்கள். பில்டருக்கு இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு வக்கீல் நோட்டீஸ் ஒன்று போனாலே அவர் பேசும் விலை இறங்கும். பிறகு சாச்சா மகனே உங்களிடம் பேச வருவார்.

பங்குக் கணக்கில் தவறு நேர்வது இறப்பு வரிசையில். பாட்டனாருக்கு முன்பே காலமான மகன் இருந்தால், மற்ற மகன்கள் இருக்கும்போது அவர் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் ஷரீஅத்படி பங்கு வராது. அத்தைமார் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு, கட்டிக்கொடுத்த பெண் என்று விட்டுவிட முடியாது. அத்தாவின் பங்கில், அவருடைய பெற்றோர் முன்பே காலமாகியிருந்தால், அம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதி மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. ஒரு மகன் ஒரு மகள் என்றால் 24-ல் அம்மா 3, மகன் 14, மகள் 7. “எனக்கு வாய்மொழியாக ஹிபா (தானம்) கொடுத்தார்” என்று யாராவது சொன்னால், சொன்னதும் ஏற்றதும் மட்டும் போதாது, சொத்து கைமாறியதையும் அவர் காட்ட வேண்டும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, நகர நிலஅளவைப் பதிவேட்டு நகல், வில்லங்கச் சான்று மூன்றையும் எடுங்கள். ஆன்லைன் வில்லங்கம் ஒரு குறிப்பிட்ட வருடத்துக்கு முன் போகாது. அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்ல வேண்டும். பாட்டனார் சொத்தை வக்ஃப், அதாவது அறக்கொடை, என்று எழுதிவைத்திருக்கிறாரா என்பது அந்தப் பழைய ஏட்டில்தான் தெரியும்.

பிறகு பாகப்பிரிவினை. பின்சந்துக்கு வாசல் உள்ள கிடங்கு மனையை உட்பிரிவு செய்து, பணம் வேண்டும் என்பவர்களுக்கு அதை ஒதுக்குங்கள், அவர்கள் விற்றுக்கொள்ளட்டும். வீடு வேண்டும் என்பவர்களுக்கு முன்பகுதி. மதிப்பு ஈடாகாவிட்டால் வித்தியாசத்தை ரொக்கமாகக் கொடுக்கலாம். குடும்பத்தாருக்குள் பாகப்பிரிவினை என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. 2023-ல் உயர்த்திய விகிதம் இது. பெரியத்தா, சாச்சா பிள்ளைகள் அந்தக் ‘குடும்பம்’ என்ற வரையறைக்குள் வருகிறார்களா என்பதைப் பத்திரம் எழுதும் முன் சார்பதிவாளரிடம் கேளுங்கள். வராவிட்டால் செலவு பல மடங்கு. விற்பவர்கள் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்புக்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கிக்கொண்டால் வருமானவரி குறையும்.

கிடங்கு இருந்த மண்ணில் தென்னை வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே வீடு கட்டுபவருக்கும் மண்ணின் உப்பைப் பற்றி மறைக்காமல் எழுத்தில் சொல்லிவிடுங்கள். கம்பி துருப்பிடித்தபின் உங்களைத் தேடி வருவார். கிடங்கின் தரையைப் பெயர்க்கும்போது வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு அடி அகலம், இரண்டு அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு ஜல்லி நிரப்பினால், உப்புநீர் இந்தப் பக்கம் வருவது பெருமளவு குறையும். மனை கைமாறும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பிறகு அந்தப் பக்கம் நீங்கள் கால்வைக்க முடியாது.

இந்த வாரம் தூம்பு வாய்களைச் சுத்தம் செய்து தார்ப்பாய் கட்டிவிடுங்கள். கட்டைகளுக்கு எண் போட்டு முடித்ததும், மொத்தம் எத்தனை, முனை இறங்கியது எத்தனை, எந்தச் சுவர்ப் பக்கம் என்பதை எழுதி அனுப்புங்கள். ஒரே சுவரில் வரிசையாகக் கெட்டிருந்தால் பழுது மரத்தில் இல்லை, அந்தச் சுவரின் தலையில்; அதற்குச் செய்ய வேண்டியது வேறு.